சங்கு மண்டபத்தில் கீழ் வரிசை

விதின்
பிப்ரவரி 19

அன்புத் தங்கை நெவெனாவுக்கு,

அண்ணன் லூபென் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். டான்யூபில் பனிமூட்டம் இறங்கும் நாட்களில் மட்டும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. உன் உடம்பு எப்படி என்று போன கடிதத்தில் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் வருபவை:

1. ஸ்திராஹில் மின்கோவ் உண்மையிலேயே உயிரோடு இருக்கிறாரா?
2. போத்யோ என்பவர் யார்?
3. நீ ஏன் தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டாய்?
4. பாட்டு காதுக்கு, நாற்காலி உட்காருவதற்கு.

'கடைசி டிராம்' குழு செப்டம்பரில் சோஃபியாவின் புதிய சங்கு மண்டபத்தில் பாடுகிறது, நீ புர்காஸிலிருந்தும் நான் இங்கிருந்தும் ரயிலேறினால் நடுவில் சந்திக்கலாம், உனக்கும் எனக்கும் போத்யோவுக்குமாக மூன்று டிக்கெட் வாங்கியாயிற்று என்று எழுதியிருந்தாய். என்னைக் கேட்காமல் வாங்கியதில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் பாட்டு நமக்கு என்ன என்று உனக்கும் எனக்கும் தெரியும். உன் அண்ணி டோரா இறந்துபோன பிறகு நான் இந்த ஊரைத் தாண்டியதில்லை என்பதும் உனக்குத் தெரியும். அதனால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கிறேன்.

முதல் விஷயம். மருந்துக்கடைக்குப் போகும் வழியில், விளக்குக் கம்பத்தில், இறந்தவர்களுக்கு ஒட்டும் தாள்களின் நடுவே அந்தக் குழுவின் பாடகர் ஸ்திராஹிலின் முகத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம், கீழே பெயர், அதற்குக் கீழே பெரிதாக 40. இறந்து நாற்பதாம் நாள் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டேன். அங்கிருந்து நேரே கோவிலுக்குப் போய், இறந்தவர்களுக்கான கீழ்த்தட்டு மணலில் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்தேன். உன் கடிதம் வந்த பிறகுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் அதைப் படித்தேன்: குழு தொடங்கி நாற்பது ஆண்டு, இசை நிகழ்ச்சி. சரி. ஆனால் உயிரோடு இருக்கிற மனிதர் தன் படத்தை ஏன் அந்தக் கோலத்தில் ஒட்டவிடுகிறார்? இந்த மாதிரி மண்டபங்களில் செத்தவர்களை ஒளியால் செய்து பாடவைக்கிறார்களாம், செய்தித்தாளில் வந்திருந்தது.

இரண்டாவது. புத்தாண்டன்று உன் வீட்டுத் தொலைபேசியை ஓர் ஆண் எடுத்தார். நடந்த பேச்சை அப்போதே நினைவில் பதித்துக்கொண்டேன்.

"யாரு?" என்று கத்தினார்.

"நெவெனாவோட அண்ணன்."

"யாரு?"

"அண்ணன். விதின்லேர்ந்து."

"அவங்க இப்ப பேச முடியாது. லெட்டர் போடுங்க."

"நீங்க யாருங்க?"

"ஆமா, சரியான குளிரு," என்று சொல்லி வைத்துவிட்டார். பதில் சொல்ல விரும்பாதவர்கள்தான் வானிலைக்குப் போவார்கள்.

மூன்றாவதற்கு விளக்கம் தேவையில்லை. ஞாயிறுதோறும் பேசிக்கொண்டிருந்தோம். இலையுதிர் காலத்திலிருந்து கடிதம்தான்.

நான்காவது. அந்த மண்டபத்தில் நாற்காலியும் பாடும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறான். பணி ஓய்வு வரை பள்ளியில் பௌதிகம் நடத்தியவன் நான். ஒலி காற்றில் வரும், காதில் விழும். முதுகுக்கு இதில் என்ன வேலை? எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும், நீ அறிவாய். இதில் மட்டும் சந்தேகமில்லை. அதனால்தான் நான்காவதற்குக் கேள்விக்குறி போடவில்லை.

கடற்காற்றில் தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதே.

அண்ணன்,
லூபென்


புர்காஸ்
மார்ச் 1

அண்ணா,

நான் நல்லா இருக்கேன். உன் முழங்காலுக்குக் கம்பளித் துணி சுத்து. இதோட சிவப்பு வெள்ளை நூல் வச்சிருக்கேன், கையில கட்டிக்கோ. நாரை பாக்குற வரைக்கும் கழட்டக்கூடாது. போன வருஷம் நாரையா கொக்கான்னு சந்தேகப்பட்டு மே மாசம் வரைக்கும் கட்டிக்கிட்டு இருந்தியே, அது மாதிரி பண்ணாதே.

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், திருத்தி அனுப்பாதே. அண்ணி சொல்லுவாங்க, "உங்கண்ணன் பொண்ணு கேக்க வந்தப்பவே மூணு விஷயம் எழுதிட்டு வந்தார், மூணாவதுதான் நான்"னு. அந்த நம்பர் போடுற பழக்கம் இன்னும் போகலையா?

ஸ்திராஹில் உசுரோட இருக்கார். போய் மேல்தட்டுல ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி மனுஷனை எழுப்பிவிடு.

போத்யோ எனக்கு மேல் வீடு. கப்பல்ல இஞ்சின் ரூம்ல வேலை பார்த்தவர். நான் சீஸ் வச்சு பனிட்சா சுட்டா வாசனை பிடிச்சு தட்டோட வந்து நிப்பார். சங்கு மண்டபத்தைப் பத்திச் சொன்னதே அவர்தான். போன வருஷம் அங்க போயிட்டு வந்து ஒரு வாரம் மாடிப்படியில நின்னு எல்லாரையும் பிடிச்சு வச்சுச் சொல்லிக்கிட்டே இருந்தார்.

மூணுக்கு அப்புறம் எழுதுறேன்.

நாலுக்கு வந்து உக்காந்து பாரு.

உன் போட்டோ ஒண்ணு அனுப்பு. அங்க டிக்கெட்டைக் கிழிக்க ஆளே கிடையாதாம். மூஞ்சியப் பாத்துத்தான் கதவு திறக்குமாம்.

வேளைக்குச் சாப்பிடு.

நெவெனா


விதின்
ஏப்ரல் 23

அன்புள்ள நெவெனா,

நலமாக இருக்கிறேன். நாரையைப் பார்த்துவிட்டேன், நூலை வாதுமை மரத்தில் கட்டிவிட்டேன். நாரைதான், பக்கத்து வீட்டுக்காரரும் உறுதிப்படுத்தினார். நீ எப்படி இருக்கிறாய்? 'நல்லா இருக்கேன்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் எழுது.

கோவிலுக்குப் போனேன். மெழுகுவர்த்தி விற்கும் பென்கா அம்மாள், "யாருக்கு சார்?" என்று கேட்டாள்.

"ஒரு பாடகருக்கும்மா. தெரியாம கீழ ஏத்திட்டேன். மேல மாத்தணும்."

"செத்துட்டாரா இல்லையா?"

"அதுதான் உறுதியா தெரியல."

"அப்ப மேல ஒண்ணு, கீழ ஒண்ணு ஏத்திடுங்க. எங்க இருந்தாலும் போய்ச் சேரும்."

அப்படியே செய்தேன்.

இப்போது மனதை உறுத்தும் விஷயம். குருத்தோலை ஞாயிறு, பூவின் பெயர் வைத்தவர்களை வாழ்த்தும் நாள், உன் பெயர் நாள் என்பதால் தொலைபேசி செய்தேன். இந்த முறை நீயே எடுத்தாய். எடுத்ததும் பேச ஆரம்பித்தாய். தோட்டத்தில் என்ன பூத்தது, ரொட்டிக்கடை எங்கே மாறியது, கடலில் என்ன கப்பல் நிற்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னாய். நான் நடுவில், "நெவெனா, அந்த ஆள் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டேன். நீ ரொட்டிக்கடையைத்தான் தொடர்ந்தாய். இன்னொரு முறை கேட்டேன். "சரிண்ணா, உடம்பைப் பாத்துக்கோ," என்று வைத்துவிட்டாய். என்னை ஒரு சொல் பேசவிடவில்லை.

நீ சின்ன வயதிலிருந்தே வாயாடிதான். ஆனால் மற்றவர் பேசும்போது கேட்கத் தெரிந்த வாயாடி. யாரோ பக்கத்தில் நின்று 'இதை மட்டும் பேசு' என்று சொன்னதுபோல் இருந்தது. நான் மிகையாக நினைக்கிறேனா? இருக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் அடுத்த கடிதத்தில் தேதியைக் கீழே எழுது. எனக்குப் புரிந்துவிடும்.

போட்டோ இணைத்திருக்கிறேன். என் முகம் அவர்களுக்கு எதற்கு, நிகழ்ச்சி முடிந்த பிறகு அதை என்ன செய்வார்கள் என்று கேட்டுச் சொல்.

கவனமாக இரு.

அண்ணன்,
லூபென்


புர்காஸ்
மே 15

அண்ணா,

தேதியை மேலேயே எழுதிட்டேன். நல்லா பாத்துக்கோ. என் பக்கத்துல பூனைகூட இல்லை.

நான் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். போதுமா?

அன்னைக்கு நீ போன் பண்ணது சந்தோஷமா இருந்துச்சு. உன் குரல் அப்படியேதான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

இங்க விசேஷமா ஒண்ணுமில்லை. போத்யோ வந்து வாசல் மணிக்கு ஒரு பல்பு மாட்டிக் குடுத்தார். யாராவது அமுக்கினா சமையல் ரூம்ல பளிச்னு எரியுது. கூலி கேக்கல, ரெண்டு தட்டு பனிட்சா மட்டும் உள்ள போச்சு.

இடம் எங்கன்னு இன்னும் சொல்லலையே. கீழ் வரிசை. மேடைக்குப் பக்கவாட்டுல, தரையை ஒட்டி. நானே பாத்து எடுத்தது. பழைய பாட்டெல்லாம் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். 'பாலம்' பாட்டுல ரெண்டாவது அடி உனக்கு ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நம்ம ஊர் மைதானத்துல மழையில கரண்ட் போய், மைக் இல்லாம அவர் கத்திப் பாடினாரே, அந்த அடி.

மருந்தை மறக்காதே.

நெவெனா


விதின்
ஜூன் 8

அன்புள்ள நெவெனா,

உடம்புக்குக் குறைவில்லை. தூக்கம்தான் சரியில்லை, அதற்குக் காரணம் உன் கடிதம்.

வாசல் மணி காதில் விழுந்தால் போதாதா? அதற்கு எதற்கு விளக்கு? உன் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று மேல் வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ள வசதியாக அந்தக் கம்பி மாடிக்கும் போகிறதா என்று பார். அபாண்டமாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் பார்.

நூலகத்துக் கணினியில் சங்கு மண்டபத்தின் வரைபடத்தைக் கண்டுபிடித்து அச்சிட்டு வாங்கி வந்தேன். உள்ளே சுவரும் கூரையும் ஒரே திரையாக வளைந்து மூடுகிறது. நடு அடுக்கில் உட்கார்ந்தால் அது முழுவதும் கண்ணுக்குள் வரும். உன் கீழ் வரிசையிலிருந்து பாதிதான் தெரியும், பாடகர்களும் பக்கவாட்டில்தான் தெரிவார்கள். அந்த வரிசைக்கு மட்டும் தனி நிறம் அடித்து ஏதோ சிறிய எழுத்தில் விளக்கம் போட்டிருக்கிறார்கள். நூலக இயந்திரத்தில் மை தீர்ந்துபோனதால் படிக்க முடியவில்லை. விற்காத இடத்துக்குத்தான் இப்படித் தனி நிறம் அடிப்பார்கள் என்பது என் ஊகம். அந்த வரிசையை நீ பார்த்து எடுத்தாயா, போத்யோ எடுக்கச் சொன்னாரா?

ஸ்திராஹில் உண்மையில் பாடுகிறாரா, ஒளிப்படமா என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் நேர் எதிரே உட்கார வேண்டும். நடு அடுக்குக்கு மாற்றிவிடலாம். சம்மதமா என்று உடனே எழுது.

'பாலம்' இரண்டாவது அடி எனக்கு முழுமையாக நினைவில்லை. 'அக்கரையில் விளக்கை ஏற்றி' என்று தொடங்கும், இல்லையா?

அண்ணன்,
லூபென்


விதின்
ஜூலை 14

அன்புள்ள நெவெனா,

சுகம். நீ சுகமா? ஒரு மாதத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. என் கடிதங்கள் உன்னிடம் வந்து சேர்கின்றனவா, வேறு யாராவது முதலில் பிரிக்கிறார்களா என்று தெரியவில்லை.

பதில் வராததால் நானே தீர்மானித்து மண்டபத்துக்குத் தொலைபேசி செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"சார், அந்த வரிசைக்குக் காத்திருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க. விட்டீங்கன்னா திரும்பக் கிடைக்காது. நல்லா யோசிச்சுட்டீங்களா?"

யாரும் வாங்காத பொருளை விற்பவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள். என் இடத்தை மட்டும் நடு அடுக்குக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன். பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. நீயும் மாற்றிக்கொள். போத்யோ வேண்டுமானால் கீழேயே உட்காரட்டும்.

அண்ணன்,
லூபென்


புர்காஸ்
ஜூலை 21

அண்ணா,

நல்லா இருக்கேன். மகன் வீட்டுக்கு வர்னா போயிருந்தேன். உன் ரெண்டு கடிதத்தையும் இன்னைக்குத்தான் சேர்த்துப் பிரிச்சேன். யாரும் முன்னாடி பிரிக்கல.

கீழ் வரிசைய நான்தான் எடுத்தேன். போத்யோ மாடிப்படியில நின்னு சொன்னதைக் கேட்டு, நானா எடுத்தேன். நான் மாத்த மாட்டேன். நாற்பது வருஷத்துல ஒரு நாள் ஒரு இடத்துல என் பக்கத்துல உக்காருன்னு கேட்டேன், அதையும் விசாரணை பண்ணி மாத்திட்டே. இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு எழுதாதே. பாட்டு விஷயத்துல எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்குமான்னு தெரியல.

உடம்பைப் பாத்துக்கோ.

நெவெனா


புர்காஸ்
ஆகஸ்ட் 20

லூபென் சார் அவர்களுக்கு,

மேல் வீட்டு போத்யோ. உங்க உடம்பு நல்லா இருக்கும்னு நம்புறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வயித்தைத் தவிர. உங்க தங்கச்சி ஒரு மாசமா பனிட்சா சுடல.

நான் ரொம்பச் சத்தமா பேசுறேன்னு நீங்க எழுதியிருக்கீங்களாம். அதான் எழுத்தையும் பெருசாவே எழுதிட்டேன், கொட்டை கொட்டையா. இஞ்சின் ரூம்ல மெதுவா பேசினவன் எவனும் கரை சேர்ந்ததில்லை.

நீங்க ஒரு மாசமா அவங்களுக்குப் பதில் போடல. தினமும் தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிக்குறாங்க. பல்பு எரியுற வரைக்கும்கூடக் காத்திருக்கறதில்ல.

மண்டபத்துக்கு எழுதி ஏற்பாடு பண்ணிட்டேன். கீழ என் இடம் இனி உங்களுக்கு. உங்க நடு அடுக்கு எனக்கு. மூஞ்சியையும் மாத்திப் பதிஞ்சுட்டாங்க. என்ன, எதுக்குன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

ஒண்ணு மட்டும் சொல்றேன். மனுஷன்னா நேர்ல வந்து முகத்துக்கு நேரா நின்னு பேசணும். முதுகுக்குப் பின்னாடி பேசுறது உங்க தங்கச்சி விஷயத்துல ஆகாது.

இப்படிக்கு,
போத்யோ


விதின்
செப்டம்பர் 2

அன்புள்ள நெவெனா,

நலம். ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்தது நியாயமில்லை. எழுதிப் பார்த்தேன், முதல் எண்ணைத் தாண்டவில்லை.

போத்யோவிடமிருந்து கடிதம் வந்தது. நான் உன் முதுகுக்குப் பின்னால் பேசுகிறேன் என்கிறார். நேரில் வா, முகத்துக்கு முகம் பேசுவோம் என்று சவால் விடுகிறார். எனக்கு இந்த மாதிரி சவால்கள் பழக்கமில்லை. ஆனால் ஒருவர் தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டுச் சவாலும் விட்டால், போகாமல் இருப்பது அழகல்ல. ஏன் கொடுத்தார் என்பதுதான் விளங்கவில்லை. உன்னையும் என்னையும் ஒரே இடத்தில் வைத்து அவருக்கு என்ன ஆகவேண்டும்?

நேற்று ரயில் நிலையம் வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வண்டி வந்து நின்று போனது. ஏறிவிடலாம் போலத்தான் இருந்தது.

பதினெட்டாம் தேதி பிற்பகல் சோஃபியா நிலையத்தில் இருப்பேன். சாம்பல் நிறத் தொப்பி.

அண்ணன்,
லூபென்


புர்காஸ்
செப்டம்பர் 9

அண்ணா,

நல்லா இருக்கேன். இந்தத் தடவை நிஜமா.

பூக்கடைக்குப் பக்கத்துல நிப்பேன். நேரா என் முன்னாடி வா. ஓட்டையில்லாத காலுறை போட்டுட்டு வா, ஏன்னு கேக்காதே.

ரெண்டாவது அடி 'அக்கரையில்' இல்லை. மறுபடியும் யோசி.

நெவெனா


விதின்
அக்டோபர் 1

அன்புத் தங்கை நெவெனாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். முழங்கால் ஆச்சரியமாக ஒன்றும் சொல்லவில்லை. நீயும் போத்யோவும் சௌக்கியமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள். அங்கே உன்னிடம் சொல்ல வேண்டியவற்றை நான் சொல்லவில்லை. எனக்கு எழுதினால்தான் வரும்.

பூக்கடைப் பக்கம் நீ முதுகைக் காட்டி நின்றிருந்தாய். கூட்டத்தில் பின்பக்கமாகத்தான் உன்னை நெருங்க முடிந்தது. 'நெவெனா' என்றேன். திரும்பவில்லை. மறுபடி சற்று உரக்கக் கூப்பிட்டேன். பூக்கடைக்காரிகூடத் திரும்பினாள், நீ திரும்பவில்லை. என் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்துக் கூனிக்குறுகி நின்றேன். அப்போது சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு ஒரு பருத்த மனிதர், போத்யோதான், வந்து உன் தோளைத் தொட்டார். நீ திரும்பினாய். என்னைப் பார்த்தாய். ஆனால் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாய்.

எல்லாம் அந்த ஒரு பார்வையில் புரிந்தது. தொலைபேசியில் என்னைப் பேசவிடாமல் நீ பேசியது, மணிக்கு மாட்டிய விளக்கு, போத்யோவின் கத்தல், 'முகத்துக்கு நேரா'. உனக்குக் காது கேட்பதில்லை. இத்தனை மாதமாக நான் உன்னையும் ஒரு நல்ல மனிதரையும் துப்பறிந்துகொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த காரணத்தை விட்டுவிட்டு.

வாயை அகலத் திறந்து, "பசிக்குதா?" என்று கேட்டேன்.

"எப்ப கண்டுபிடிச்சே?" என்றாய்.

"இப்பதான்."

"பௌதிக வாத்தியார்," என்று போத்யோவைப் பார்த்துச் சொன்னாய். இஞ்சின் சத்தத்தில் காது மந்தமான அவருக்கும் அது கேட்டிருக்காது. இருவரும் சிரித்தீர்கள்.

டிராமில் போகும்போது ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்டேன். "சொல்லியிருந்தா, பாவம் தங்கச்சின்னு வந்திருப்பே. எனக்குப் பாட்டுக் கேக்க வர்ற அண்ணன் வேணும்," என்றாய்.

மண்டபத்து வாசலில் எனக்குப் பயம் வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பற்றி எனக்கே உறுதியில்லாத நிலையில், அந்தக் கண்ணாடிக் கதவு என்னை ஒரே பார்வையில் நம்பித் திறந்துவிட்டது. போத்யோ என் நடு அடுக்குக்கு மேலே ஏறிப்போனார். நீயும் நானும் கீழே இறங்கினோம். அந்த வரிசையின் முகப்பில் ஒரு காதின் படம் பெரிதாக வரைந்திருந்தது. நூலகத்தில் மை தீராமல் இருந்திருந்தால் ஜூன் மாதமே எனக்கு விளங்கியிருக்கும்.

வரிசையில் எல்லோரும் செருப்பைக் கழற்றி மரத்தளத்தில் பாதத்தை ஊன்றிக்கொண்டார்கள். நீயும் கழற்றினாய். நான் கழற்றவில்லை. பொது இடத்தில் காலணியைக் கழற்றி எனக்குப் பழக்கமில்லை.

விளக்கு அணைந்து, கூரை முழுவதும் ஆறாக ஓட, ஸ்திராஹில் வந்தார். நான் அவரை நம்பவில்லை. குரல் சரியாக இருந்தது. மிகவும் சரியாக இருந்தது. தலைமுடி அந்த வயதுக்குப் பொருந்தவில்லை. கூரையில் மலையளவு தெரிந்த முகத்தில் வேர்வை இல்லை. ஒளிப்படம்தான் என்று தீர்மானித்துவிட்டேன். பிறகு 'பாலம்' வந்தது. முதல் அடியை முடித்தார். இரண்டாவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மறந்துவிட்டது. முரசு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. ஒளியால் செய்த மனிதனுக்கு மறக்காது, நெவெனா. கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார் பார், அப்போதுதான் அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த இடைவெளியில் ஒரு குரல் பாடியது. உன் குரல்தான். சுருதி எங்கேயோ இருந்தது. தாளம் மயிரிழை பிசகவில்லை. 'இக்கரையில் விளக்கை ஏற்றி வைத்தேன், நீ திரும்பும் வழி தெரிய.' இக்கரை. நான் இத்தனை வருடமும் அக்கரை என்றே பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். வரிசை முழுவதும் உன்னோடு சேர்ந்துகொண்டது, பிறகு மண்டபமே. ஸ்திராஹில் நம் பக்கம் திரும்பிக் குனிந்தார். நீ அதைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாய்.

எதைப் பிடித்துக்கொண்டு இவள் தாளத்தில் நிற்கிறாள் என்று யோசித்தேன். குனிந்து காலணியைக் கழற்றினேன். முரசு குதிகால் வழியாக ஏறி வந்தது. சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகெலும்பில் கிதார் ஓடியது, அதன்மேல் தோள்பட்டைக்கு நடுவில் அவர் குரல், சன்னமாக, பக்கத்தில். அப்போதும் எனக்கு ஐயம். காற்றில் வருவதைத்தான் நான் கேட்டுக்கொண்டு முதுகில் கேட்பதாக நினைக்கிறேனோ என்று. இரண்டு விரலாலும் காதை இறுக்கி அடைத்துக்கொண்டேன். கூட்டத்தின் கூச்சல் நின்றது. பாட்டு நிற்கவில்லை.

நீ கண்ணைத் திறந்து, காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தாய். "பிடிக்கலையா?" என்றாய். உன் உதட்டைப் படித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது. பிடிக்கிறது என்று தலையை அசைத்தேன். விரலை எடுக்கவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. நீ கேட்பதை நானும் கேட்க வேண்டும் என்று இருந்தது.

வெளியே வந்ததும் போத்யோவிடம், மேலே எப்படி இருந்தது என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"படம் பிரமாதம் சார். நீங்க சொன்ன மாதிரி முழுக்கத் தெரிஞ்சுது. ஒரு எழவும் கேக்கல," என்று தெருவே திரும்பும்படி கத்தினார். பிறகு, "அடுத்த தடவை மூணு பேரும் கீழ," என்றார். நான் சரி என்றேன். அடுத்த தடவை என்று ஒன்றுக்கு நான் உடனே சரி சொன்னது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

நேற்று கோவிலுக்குப் போய் மேல்தட்டில் ஏற்றினேன். ஸ்திராஹிலுக்கு, உனக்கு, போத்யோவுக்கு. "எல்லாரும் உசுரோடதானே சார்? உறுதியா?" என்று பென்கா அம்மாள் கேட்டாள். உறுதி என்றேன்.

போத்யோவுக்குப் பனிட்சா சுட்டுக் கொடு. என் கணக்கில். மழைக்காலம் வருகிறது, கழுத்தை மூடிக்கொள். ஞாயிறுதோறும் எழுதுகிறேன். நீயும் பேசுகிற மாதிரியே எழுது, திருத்த மாட்டேன்.

பிப்ரவரியில் எழுதிய நான்கையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் மூன்றும் கேள்விகள். கேள்வி தவறாகாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஸ்திராஹிலின் தலைமுடியைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. வகுப்பில் ஆண்டுதோறும் இசைக்கவையைத் தட்டி, அதன் காலை மேசைமேல் ஊன்றி, பலகை பாடுவதைக் காட்டியவன் நான். அந்தக் கையால்தான் 'பாட்டு காதுக்கு, நாற்காலி உட்காருவதற்கு' என்று நான்காவதை எழுதியிருக்கிறேன், கேள்விக்குறிகூடப் போடாமல்.

நான்காவது தவறு.

அண்ணன்,
லூபென்